பழைய ஹவாய் சேட்டும் சிரட்டைப் பொத்தானும்

மட்டக்களப்பில் உடுத்துவதற்கென்று லண்டனில் பழைய உடுப்பு வாங்குபவர் நிறத்தில் மயங்குவதற்கு முன் துணியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். அக்காவின் வீடு ஈஸ்ட் ஹாமில் இருப்பதால், அங்கிருந்து டிஸ்ரிக்ட் ரயிலில் ஓல்ட்கேட் ஈஸ்ட் வரை போய், பிரிக் லேன் பக்கம் நடந்தால் விண்டேஜ் கடைகளுக்குக் குறைவில்லை. இராணுவ மேலங்கி, கறுப்புத் தோல் ஜக்கெட், பங்க் இளைஞர்கள் விரும்பும் ஊசி குத்திய காற்சட்டை என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் தொங்கும். அவற்றில் கண்ணை முதலில் இழுப்பவை 1970களின் பொலியெஸ்டர் சேட்டுகள்தாம்: அகலக் கொலர், ஆரஞ்சு வட்டங்கள், மங்காத சாயம். லண்டன் குளிருக்கு அவை பொருந்தலாம். கல்லடியில் சித்திரை மாத மத்தியானத்தில் அதைப் போட்டுக்கொண்டு பாலம் கடப்பவர் மறுகரை சேர்வதற்குள் வேர்வையில் ஊறிப்போவார். தோல் ஜக்கெட்டின் கதை இன்னும் மோசம். மாரி தொடங்கினால் எங்கள் அலுமாரிகளில் முதலில் பூஞ்சணம் பிடிப்பது தோலில்தான். ஆகவே அந்த வரிசைகளை ஆசையோடு பார்த்துவிட்டுக் கடந்து, கொட்டன், ரேயோன், லினன் ஆகியவை தொங்கிய இடத்திலேயே நேரத்தைச் செலவிட்டேன்.

பழைய உடுப்பில் எழுதியிருக்கும் சைஸ் இலக்கத்தை நம்ப முடியாது. ஐம்பது வருடங்களுக்கு முன் 14 என்று குறிக்கப்பட்ட பெண்கள் உடுப்பு இன்றைய 10 சைஸ்காரிக்கே இறுக்கமாக இருக்கும். எனவே, எனக்கு அளவாக இருக்கும் ஒரு சேட்டை வீட்டில் மேசையில் விரித்து, ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரையிலும், தோளிலும், நீளத்திலும் எத்தனை அங்குலம் என்று துண்டில் குறித்து, அளவு நாடாவையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். பிடித்ததை உடனே உடுத்திப் பார்ப்பதில்லை. உட்புறத்தைப் புரட்டி, கக்கத்தையும் கொலர் மடிப்பையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், துணி தேய்ந்த இடத்தில் வெளிச்சம் கசியும். அந்தச் சோதனையில் தேறியவைக்கே கண்ணாடி முன் இடம்.

அப்படித் தேறியவற்றுள் ஒன்று நீலப் பின்னணியில் வெண்செம்பருத்தி அச்சிட்ட ஹவாய் சேட். ஆண்களுக்கானதுதான், ஆனால் எனக்குத் தளர்வாக, அழகாக இருந்தது. நெஞ்சுப் பையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பையின் மேலிருந்த பூவின் பாதி இதழும் சேட்டின் மேலிருந்த மறுபாதியும் ஒரு நூல் பிசகாமல் பொருந்தியிருந்தன. பை வெட்டும்போது அச்சைப் பொருத்துவதற்குத் துணி வீணாகும், நேரமும் போகும். அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்ட தையலகம் மற்ற இடங்களிலும் சிக்கனம் பிடித்திருக்காது என்று எண்ணினேன். பொத்தான்கள் சிரட்டையில் செய்தவை. மேலிருந்து மூன்றாவது இல்லை. கடைக்காரப் பையன் அதைக் காட்டி விலையைச் சற்றுக் குறைத்தான்.

கடையின் அட்டையில் ஐம்பதுகளின் சேட் என்று எழுதியிருந்தது. ஹவாய் சேட் என்ற வடிவம் 1930களில் ஹொனலுலுவில் விற்பனைக்கு வந்தது என்பதால் அது நடக்கக்கூடியதே, ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அமெரிக்காவில் உடுப்புகளில் சலவை முறையைக் குறிக்கும் நிரந்தர லேபல் கட்டாயமானது 1972இல். இந்தச் சேட்டின் பக்கத் தையலுக்குள் வெட்டி எடுத்த லேபலின் அடித்துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்தபின், தைத்திருந்த நூலில் ஒரு துண்டை உருவி நெருப்பில் காட்டினேன். அது உருகி, விறைத்த கறுப்பு மணியானது. பொலியெஸ்டர் தையல் நூல் ஐம்பதுகளின் சேட்டில் இருக்க நியாயமில்லை. எழுபதுகளின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின் என்பதே என் கணிப்பு. விலைக்குப் பொருந்திய பொருள் என்பதில் எனக்கு மாற்றமில்லை, ஆனால் அட்டையில் இருக்கும் காலத்துக்குக் காசு கொடுப்பவர்கள் பக்கத் தையலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

துணி ரேயோனா கொட்டனா என்பதை நெருப்புச் சோதனை காட்டாது. இரண்டும் தாவர நாரின் குணம் கொண்டவை. எரித்தால் கடதாசி மணமும் மென்மையான சாம்பலும்தான். ஆனால் நனைத்துப் பார்த்தால் வித்தியாசம் புலப்படும். உள்மடிப்பில் எடுத்த இழையை நாக்கால் ஈரமாக்கி இழுத்தேன். ஈரமான இடத்திலேயே சட்டென்று அறுந்தது. ஈரத்தில் ரேயோன் தன் வலுவில் ஏறத்தாழ பாதியை இழக்கும், கொட்டனோ ஈரத்தில் இன்னும் வலுக்கும். இது தெரிந்தபின் கழுவும் முறையே மாறிவிட்டது. கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் எங்கள் வீட்டுக் கிணற்றடி வழக்கம். அம்மாவின் கைக்கு அகப்படாமல் அந்தச் சேட்டை நான் எடுத்துக்கொண்டேன். வாளியில் குளிர்ந்த நீர், சவர்க்காரத் தூள் ஒரு சிட்டிகை, கையால் மெல்ல அமுக்கல், அவ்வளவே. பிறகு துவாயில் சுருட்டி நீரை உறிஞ்சவிட்டு, நிழலில் பாயின் மேல் விரித்து உலர்த்தினேன். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் தோள் இழுபடும்.

பொத்தான் வேலைதான் அதிக நாள் எடுத்தது, அதிக மகிழ்ச்சியும் தந்தது. கடையில் பிளாஸ்டிக்கில் சிரட்டை நிறப் பொத்தான் கிடைக்கும். ஆனால் தேங்காய் துருவாத நாளே இல்லாத வீட்டில் அதை வாங்குவதற்கு மனம் வரவில்லை. முற்றிய பெரிய தேங்காயின் சிரட்டையில் வளைவு குறைந்த பக்கத்தைத் தேர்ந்து, உள்ளிருந்த தோலைச் சுரண்டி நீக்கி, இரு முகங்களையும் சாண்ட் பேப்பரில் தேய்த்து மட்டப்படுத்தினேன். வட்டமாக வெட்டும் முன்பே இரண்டு துளைகளையும் போட்டுவிட வேண்டும். துண்டு பெரிதாக இருக்கும்போது பிடிப்பதற்கு இடம் உண்டு, சிறிதானபின் துளைத்தால் நடுவில் பிளந்துவிடும். பிறகு பழைய பொத்தானை வைத்து வட்டம் கீறி, இரும்பறுக்கும் வாளால் எண்கோணமாக வெட்டி, மூலைகளைத் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கினேன். அரத்தில் வரும் சிரட்டைத் தூள் மூக்கில் ஏறும், முகக்கவசம் போடாமல் செய்ய வேண்டாம். துளையின் ஓரத்தை ஊசியில் சுற்றிய சாண்ட் பேப்பரால் மழுக்காவிட்டால் நூலை அது மெல்ல அறுக்கும். கடைசியாக ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவியதும் சாம்பல் படிந்திருந்த மேற்பரப்பு கருங்கபில நிறத்துக்கு வந்து, மற்றவற்றோடு கலந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால் மட்டும் அதன் ரேகை சற்று அகலமாகத் தெரியும்.

இரண்டாவது உடுப்பு எளிமையானது: கட்டம் போட்ட கொட்டன் சேட், கழுத்தடியில் இலங்கையில் தயாரிக்கப்பட்டது என்ற ஆங்கில லேபல். ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் சிலோனிலிருந்து ஸ்ரீ லங்கா என்று மாறியது 1972இல். 1977இல் பொருளாதாரம் திறந்தபின்தான் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. எனவே அதற்குப் பிற்பட்டதாகவே இருக்கும். கட்டுநாயக்கவிலோ வேறெங்கோ தைத்து, கப்பலேறிப் போனதை நான் விமானத்தில் திருப்பிக் கொண்டுவந்தேன். உடம்பில் பழுதில்லை, கொலர் மடிப்பு மட்டும் நார் நாராக இருந்தது. அதைக் காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த தையல்காரக் காக்காவிடம் கொடுத்து, கொலரைக் கழற்றி அடிப்பக்கம் மேலே வரத் திருப்பித் தைத்துத் தரும்படி கேட்டேன்.

“தங்கச்சி, இப்ப கொலர் திருப்பச் சொல்லி ஆரும் வாறல்ல, புதுச் சேட்டயே எடுத்துருவாங்க,” என்று சிரித்தவர், வேலையை மறுக்கவில்லை. தையலைப் பிரிக்கப் பிளேட்டைத் தொடாமல் ஊசி நுனியையே பாவித்தார், பழைய துளைகளின் வழியாகவே மெஷினை ஓட்டினார். தேய்ந்த பக்கம் இப்போது கழுத்துக்கு உள்ளே மறைந்துவிட்டது. அவர் வாங்கிய கூலி வேலைக்குக் குறைவு என்றே சொல்லுவேன்.

டெனிம் ஜக்கெட் ஒன்றும் எடுத்திருந்தேன், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லீவைஸ் டெனிம் கம்பனியின் சிவப்பு லேபல் துணுக்கில், LEVI'S என்ற பெயரிலுள்ள E ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருந்தால் 1971க்கு முந்தியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், அத்தகையவை கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருக்கின்றன. என்னுடையது சிறிய எழுத்துக்காரன். கடற்கரைக்கு அண்மையில் இருப்பதால் அதன் உலோகப் பொத்தான்களை மாதமொருமுறை உலர்ந்த துணியால் துடைக்கிறேன்.

வடகீழ்ப் பருவமழைக்கு முன் மூன்றையும் நன்றாக உலர்த்தி, பொலித்தீனில் கட்டாமல் மருதமுனைச் சாரம் ஒன்றில் சுற்றி வைத்திருக்கிறேன். கைத்தறிக் கொட்டன் காற்றை விடும், பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே பூட்டும். அக்காவுக்குப் புதிய அளவுத் துண்டு அனுப்பியாயிற்று: கக்கத்துக்குக் கக்கம் 21 அங்குலம், கொட்டன் அல்லது லினன், கொலர் தேய்ந்திருந்தாலும் பொத்தான் போயிருந்தாலும் பரவாயில்லை, கக்கத்தில் வெளிச்சம் கசிந்தால் மட்டும் வேண்டாம்.