தங்கக் கலர் அடித்துத் திருப்பிக் கொடுத்த ராலே சைக்கிள்: அடியில் இருந்த கறுப்பை மீட்டது எப்படி

கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டுக்கு யாராவது உங்கள் வீட்டுப் பழைய சைக்கிளைக் கேட்டால் கொடுக்காதீர்கள். சொந்தத்துக்குள் கேட்டு, மறுக்க முடியாமல் போனால், பெயிண்ட் பக்கமே போகக் கூடாது என்று போட்டோ எடுப்பவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

சித்தப்பா மகன் கல்யாணத்துக்காகப் போன வண்டி என் தாத்தாவுடையது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் செய்த ராலே. கம்பி பிரேக், 28 அங்குலச் சக்கரம், பின்னால் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். அந்த ஹப்பின் மேல் 52 என்று ஆண்டு பொறித்திருக்கும். கறுப்பு எனாமல், அதில் மெல்லிய தங்கக் கோடுகள், முன்னால் நாரைத் தலை பொறித்த பித்தளை பேட்ஜ். திரும்பி வந்தபோது பேட்ஜ், ஸ்போக்ஸ், தோல் சீட் உட்பட எல்லாம் ஒரே தங்கக் கலர்.

"கறுப்பு கேமராவில எடுபடலண்ணா. ஸ்ப்ரேதானே, துணி வச்சு துடைச்சா போயிடும்" என்றார் போட்டோ எடுத்த தம்பி. துடைத்தால் போகவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம் பட்டறை பட்டறையாக அலைந்தேன். போன இடமெல்லாம் ஒரே பதில்: "சார், எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு பவுடர் கோட்டிங் போட்டுடலாம், புதுசு மாதிரி ஆயிடும்." எனக்குப் புதுசு வேண்டாம், அடியில் இருக்கிற பழைய கறுப்புதான் வேண்டும் என்று சொன்னால் விநோதமாகப் பார்க்கிறார்கள். ஒரு டிங்கரிங் பட்டறையில், மதிப்பு சொல்வதற்காகப் பார்க்க வேண்டும் என்று செயின் கவரை மட்டும் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் போனால், என்னைக் கேட்காமலேயே உப்புத்தாள் போட்டு ஒரு பக்கம் முழுக்க இரும்பு தெரியத் தேய்த்து வைத்திருந்தார்கள். தங்கக் கலரோடு கறுப்பும் கோடும் சேர்ந்து போய்விட்டன. தயவுசெய்து ஒரு பாகத்தைக்கூட 'சாம்பிள்' என்று யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. அந்தக் காலத்து ராலேயின் கறுப்பு, சூளையில் வைத்துச் சுட்டு இறுக்கிய எனாமல். சூட்டில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் சாதாரணக் கரைப்பான் அதை லேசில் கரைக்காது. டப்பாவில் வரும் அக்ரிலிக் ஸ்ப்ரே அப்படி இல்லை. அதில் உள்ள திரவம் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. பொருத்தமான திரவம் பட்டால் திரும்பவும் இளகும். மேலே இருப்பது இளகி, கீழே இருப்பது அசையாமல் நிற்கும் அளவுக்கு வீரியமான திரவம் எது என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும். மேலே இருப்பது ஸ்ப்ரே இல்லாமல், யாரோ எப்போதோ பிரஷ்ஷால் அடித்த சிந்தெடிக் எனாமல் என்றால் இந்த வழி சரிப்படாது, அது காய்ந்து இறுகும் விதமே வேறு. வண்டி ஏற்கெனவே பட்டறையில் மறுபெயிண்ட் ஆனது என்றாலும் இதைச் செய்யாதீர்கள், அடியில் இருப்பதும் சேர்ந்து கரைந்து வரலாம்.

முதலில் சோப்புத் தண்ணீர், அடுத்து டர்பன்டைன். இரண்டுக்கும் தங்கம் அசையவில்லை, அழுக்கு மட்டும் போனது. ஹார்டுவேர் கடையில் அசிட்டோன் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பெயர் ஒட்டாத பாட்டிலில் எதையோ ஊற்றிக் கொடுத்தார்கள். பெடல் அச்சு ஓடும் குழாய்க்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். பஞ்சில் தங்கத்தோடு கறுப்பும் வந்தது. அது அசிட்டோன் அல்ல, ஏதோ கலப்படத் தின்னர். அதை நேராக மேல் பாரில் தேய்த்திருந்தால் கதை முடிந்திருக்கும். எந்தத் திரவமாக இருந்தாலும், புது பாட்டில் ஆனாலும், முதல் சொட்டு மறைவான இடத்தில்தான். பஞ்சில் அடிக்கலர் தெரிந்தால் அந்த பாட்டிலை மூடி வைத்துவிடுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது ஐசோப்ரோபைல் ஆல்கஹால். எலெக்ட்ரானிக்ஸ் போர்டு துடைக்கப் பயன்படுத்துவது. சென்னை ரிச்சி தெருவில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தருவார்கள். அதில் நனைத்த பனியன் துணியை ஒரு சாண் நீளத்துக்குச் சுற்றி, மேலே பாலித்தீன் கவரால் மூடிச் சற்று நேரம் விட்டேன். மூடாவிட்டால் நம் ஊர் வெயிலில் ஊறுவதற்குள் ஆவியாகிவிடும், இளகிய பெயிண்ட் அங்கேயே இழுபட்டுத் திரும்பக் காய்ந்துவிடும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், நிழலில் செய்யுங்கள். துணியை எடுத்ததும் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் தள்ளினால் தங்கம் தோல் தோலாக உரிந்து வந்தது. முதல் துண்டு உரிந்து, கீழே அந்தக் கறுப்பு பளபளவென்று தெரிந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தாத்தா வாராவாரம் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்த வண்டி. போட்டோக்காரர்கள் கழுவாமலேயே ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடங்களில் பெயிண்ட் சரியாக ஒட்டவே இல்லை.

கஷ்டப்படுத்தியது கோடுகள்தான். தங்கக் கோட்டின் மேல் தங்க ஸ்ப்ரே. துணியில் வருவது ஸ்ப்ரேயா, கோடா என்று தெரியாது. சீட்டுக்குக் கீழே குழாயில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் எழுத்துகளுக்கும் இதே ஆபத்து. இவை எனாமலுக்கு மேலே இருப்பவை, சூளையின் பலம் இவற்றுக்குக் கிடையாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் கோடு சற்றே மேடாகத் தெரியும். அந்த இடத்தில் துணியைச் சுற்றவே கூடாது. ஐ.பி.ஏ.வில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, காது குடையும் பட்ஸில் லேசாகத் தொட்டு, தேய்க்காமல் உருட்டி எடுத்தேன். பிசுக்கு இருந்த இடத்தில் அதுவும் தேவைப்படவில்லை, மூங்கில் பல்குச்சியால் நெம்பினாலே வந்தது. ஒரு விரல் அளவு கோட்டுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும். பின் மட்கார்டில் கோடு சில இடங்களில் மங்கிவிட்டது. மீதி அப்படியே இருக்கிறது.

ஹேண்டில்பார், பிரேக் கம்பிகள், ரிம் ஆகிய குரோம் பாகங்கள் நல்ல கடையில் வாங்கிய அசிட்டோனில் எளிதாகச் சுத்தமாகிவிட்டன. பெடல் சக்கரத்தில் வெட்டியிருக்கும் நாரைகளின் இடுக்கு மட்டும் நேரம் எடுத்தது. ரப்பர் கைப்பிடியில் அசிட்டோன் படக் கூடாது. புரூக்ஸ் தோல் சீட்டில் எந்தத் திரவமும் வைக்காதீர்கள், தோலின் எண்ணெயையும் நிறத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்ததில் பெரும்பகுதி வந்தது, தையல் ஓரத்தில் இன்னும் தங்கப் பொட்டுகள் இருக்கின்றன.

இந்தத் திரவங்கள் எல்லாமே நெருப்பைப் பிடிக்கும். பூஜை விளக்கு, அடுப்பு இருக்கும் பக்கம் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கையுறை போடுங்கள், நனைந்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள்.

எல்லாம் உரித்த பிறகு கறுப்பின் மேல் மெல்லிய மங்கல் படர்ந்திருக்கும். காருக்குப் போடும் மென்மையான பாலிஷ் காம்பவுண்டை, கோடுகளைத் தவிர்த்து, லேசாக ஓட்டினால் அது போய்விடும். மேலே மெழுகு பாலிஷ். அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டு, பவுடர் கோட்டிங் போடச் சொன்ன ஒரு மேஸ்திரியே "இது ஒரிஜினல் பெயிண்டா சார்?" என்று கேட்டார். அலைந்த அலைச்சலுக்கு அது போதும்.

செயின் கவருக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. மறுபெயிண்ட் செலவைத் தருகிறோம் என்று போட்டோக்காரர்கள் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அதே காலத்து ராலே செயின் கவர் ஒன்று, கறுப்போடும் கோட்டோடும், பழைய சாமான் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை தேய்த்த இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க மெழுகு போட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அடிக்கடி துடைத்துத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.