பிறர் தோட்டத்தில் முளைத்த என் பிழை

மூன்று ஆண்டுகளுக்கு முன் பதினொரு பேருக்கு நான் தவறான விதையைக் கொடுத்தேன். அது தவறான விதை என்பது அப்போது எனக்கே தெரியாது. வாங்கியவர்களுக்கும் தெரிய வழியில்லை. உறைகளில் ரகத்தின் பெயரை அழகாக எழுதி, விதைக்கும் முறையையும் ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்திருந்தேன். அடுத்த பருவத்தில் ஒவ்வொருவராகப் படம் அனுப்பத் தொடங்கிய பிறகுதான் என்ன நடந்திருக்கிறது என்பது புரிந்தது.

அது ஒரு பரங்கி ரகம். தட்டையாக, நன்றாகத் தெரியும் பள்ளங்களோடு, முற்றியதும் மங்கிய காவி நிறத்துக்கு வரும். ஐந்து ஆண்டுகளாக அதை மட்டுமே வளர்த்து வந்ததால், விதை எடுப்பதில் எனக்கு ஒரு சிக்கலும் நேர்ந்ததில்லை. அதைத் திறமை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாம் ஆண்டில், கழுத்து நீண்ட இன்னொரு பரங்கியையும் தோட்டத்தின் மறுகோடியில் நட்டேன். இரண்டுக்கும் இடையில் இருபது மீட்டர் கூட இருக்காது. தேனீக்கு அது ஒரு தொலைவே அல்ல என்பதை நான் யோசிக்கவில்லை.

கலப்பு நேர்ந்திருந்தால் காயிலேயே தெரிந்திருக்குமே என்று பலர் கேட்டார்கள். தெரியாது. காயின் தோலும் சதையும் தாய்க்கொடியின் உடல். எந்தப் பூவின் மகரந்தம் வந்து சேர்ந்தாலும் அந்த ஆண்டின் காய் தாயைப் போலவேதான் இருக்கும். தந்தை யார் என்பது உள்ளே இருக்கும் விதையின் கருவில் மட்டுமே பதிந்திருக்கும். அந்த விதையை விதைத்து, அதன் கொடி காய்த்த பிறகுதான் வெளிப்படும். (மக்காச்சோளம் இதற்கு ஒரு விதிவிலக்கு. அதில் நாம் பார்ப்பதே விதையைத்தான் என்பதால், அயல் மகரந்தம் அதே கதிரில் நிறம் மாறிய மணிகளாகத் தெரிந்துவிடும்.) ஆக, விதை சேகரிப்பவர் செய்யும் பிழை அவருடைய கண்ணில் அந்த ஆண்டு படாது. அடுத்த ஆண்டு, பெரும்பாலும் வேறொருவரின் மண்ணில், அவர் நான்கு மாதம் நீரூற்றிய பிறகு தெரிய வரும். விதைப் பகிர்வு குறித்து நான் சொல்ல விரும்புவதெல்லாம் இதிலிருந்தே தொடங்குகிறது.

எனக்கு வந்த படங்களில் சிலவற்றில் பழைய வடிவமே இருந்தது. அந்த விதைகள் கலப்பிலிருந்து தப்பியவை. மற்றவற்றில் தட்டையும் இல்லாத, நீளமும் இல்லாத ஒரு நடுத்தர வடிவம், கிட்டத்தட்ட எல்லாரிடமும் ஒரே மாதிரியாக. முதல் தலைமுறைக் கலப்பு இப்படித்தான் ஓரளவு சீராக இருக்கும். அதிலிருந்து மறுபடி விதை எடுத்தால்தான் பண்புகள் பலவாறாகப் பிரிந்து சிதறும். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் கண்டு 1866-இல் வெளியிட்ட விதிகள்தான் இவை. வீரிய ஒட்டு ரக விதையிலிருந்து விதை எடுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அவ்விதைகள் முளைக்கவே முளைக்காது என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்கிறேன், அது சரியல்ல. பொதுவாக அவை நன்றாகவே முளைக்கும், ஆனால் தாயைப் போல வராது. முளைக்காத விதையை உண்டாக்கும் தொழில்நுட்பம் ஒன்றுக்கு 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது உண்மை; அது விற்பனைக்கு வரவேயில்லை. மரபு விதைகளை ஆதரிப்பதற்குப் போதுமான உண்மைக் காரணங்கள் இருக்கும்போது, பொய்யான காரணம் எதற்கு?

தொலைவைக் காட்டிலும் முக்கியமானது எந்த இனம் எதனோடு கலக்கும் என்பது. பரங்கி, பூசணி என்று நாம் பொதுவாக அழைப்பவற்றில் குக்கர்பிட்டா மோஸ்சாட்டா, குக்கர்பிட்டா மாக்ஸிமா, குக்கர்பிட்டா பெப்போ என மூன்று முக்கிய இனங்கள் உள்ளன. ஒரே இனத்துக்குள் இருக்கும் ரகங்கள் எளிதில் கலக்கும். வெவ்வேறு இனங்கள் அவ்வளவு எளிதில் கலப்பதில்லை. எனவே இனத்துக்கு ஒரு ரகம் என்று வைத்துக்கொண்டால் மூன்றையும் ஒரே தோட்டத்தில் வளர்த்து விதை எடுக்கலாம். நான் நட்ட இரண்டும் மோஸ்சாட்டா. உறையின் பின்புறத்தைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். வெள்ளரியும் பரங்கியும் கலந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அவை கலக்கவே கலக்கா.

என் கலப்பால் நேர்ந்தது ஏமாற்றம் மட்டுமே. பெப்போ இனத்தில் இது ஆபத்தாகவும் முடியலாம். அழகுக்காக வளர்க்கப்படும் குட்டிப் பூசணிகள் அந்த இனத்தைச் சேர்ந்தவை; அவற்றோடு சீமைச் சுரைக்காய் (சுக்கினி) கலந்தால் அடுத்த தலைமுறைக் காய்களில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு மிகுந்துவிடக்கூடும். சமைத்தாலும் அது அழிவதில்லை. 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசந்த சீமைச் சுரைக்காயை உண்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். சேமித்த விதையில் வந்த பரங்கி, சுரை வகைக் காய் எதுவானாலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, வழக்கமில்லாத கசப்பு இருந்தால் துப்பிவிட்டுக் கொடியையே பிடுங்கிவிட வேண்டும். இத்தகைய விதையைப் பிறருக்குக் கொடுப்பவர் இதைச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

கலப்பைத் தடுக்கும் வழி கடினமானதன்று, சோம்பல்தான் தடை. மறுநாள் மலரப் போகும் பெண் மொட்டை முந்தின நாள் மாலையில் அடையாளம் காண வேண்டும்: அடியில் சிறு பிஞ்சு இருக்கும், மொட்டின் நுனி மஞ்சளாக மாறியிருக்கும். அதையும், இரண்டு மூன்று ஆண் மொட்டுகளையும் நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் ஆண் பூக்களைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, பெண் பூவைத் திறந்து அதன் சூல்முடியில் மகரந்தத்தை நன்றாகத் தடவி, மறுபடியும் இதழ்களைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். காம்பில் ஒரு வண்ண நூல் கட்டினால் அதுவே விதைக்காய். சுரையும் பீர்க்கும் மாலையில் பூப்பவை என்பதால் அவற்றுக்கு இந்த வேலையை அந்தி நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பரங்கி முற்றிய பிறகும் அறுத்த உடனே பிளக்காமல் மூன்று, நான்கு வாரங்கள் வைத்திருந்தால் விதை உள்ளேயே பருமனாகும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்கள் அவரை, பட்டாணி, தக்காளியில் தொடங்கலாம். பீன்ஸ், பட்டாணிப் பூக்கள் விரிவதற்கு முன்பே பெரும்பாலும் தன் மகரந்தத்தால் சூல் கொண்டுவிடும். நெற்று செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலக்கும்வரை விட்டுவைத்தால் போதும். தக்காளியும் அப்படித்தான்; சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சில பழைய ரகங்களில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருப்பதால், சாற்றோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, மேலே ஆடை படிந்ததும் அலசிக் காயவைப்பது நல்லது. நாற்றம் அடிக்கும், வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெண்டை, கத்திரி, மிளகாய் மூன்றும் தன் மகரந்தத்தால் காய்க்கக்கூடியவை என்றாலும் பூச்சிகள் கலப்பைச் செய்துவிடும். மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடினால் போதும். முள்ளங்கியும் முட்டைக்கோசும் வேறு வகை. அவற்றின் பூ தன் மகரந்தத்தை ஏற்காது. பல செடிகள் ஒன்றாகப் பூக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கு நூறு செடிகளாவது இல்லையென்றால் சில தலைமுறைகளில் வீரியம் குன்றிப்போகும். சிறிய தோட்டம் உடையவர்கள் இவற்றின் விதையைப் பிறரிடமிருந்து பெற்றுக்கொள்வதே அறிவுடைமை என்று நினைக்கிறேன்.

எந்தச் செடியிலிருந்து எடுப்பது என்பதில்தான் நம்மை அறியாமலே ரகத்தைக் கெடுக்கிறோம். நல்ல காய்களையெல்லாம் பறித்துத் தின்றுவிட்டு, பருவத்தின் கடைசியில் கொடியில் எஞ்சிய சூம்பிய காயை விதைக்கு விடுவது எல்லாரும் செய்வது. கீரைகளில் இன்னொரு பொறி உண்டு: எது முந்திப் பூக்கிறதோ அது முந்தி விதை தரும், நாமும் ஆவலில் அதிலிருந்தே எடுத்துவிடுவோம், சில ஆண்டுகளில் இலை தருவதற்கு முன்பே தண்டு விட்டுப் பூக்கும் கீரை நம் கையில் இருக்கும். கடைசியாகப் பூக்கும் செடியிடமிருந்து எடுக்கப் பொறுமை வேண்டும். இலையில் தேமல் படர்ந்த செடியை விதைக்கு விடவே கூடாது. அவரை வகைகளின் தேமல் நச்சுயிரி (வைரஸ்) விதைக்குள்ளேயே தங்கிப் பயணம் செய்யும்; அதைக் கொடுப்பது நோயைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது.

இயற்கை முறையில் வளர்த்துச் சேமித்த விதை சில ஆண்டுகளில் அந்த மண்ணுக்கே பழகிவிடும் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பலவகைத் தன்மைகள் கலந்திருக்கும் ஒரு ரகத்தில், பல செடிகளை வளர்த்து, தாக்குப்பிடிப்பவற்றைத் தேர்ந்தெடுத்து வந்தால் மாற்றம் நேரும். தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்தாலேயே வந்த தக்காளியில் நான்கு செடிகளை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க வேறுபாடு ஏது? இயற்கை விதை என்பதன் பயன் எனக்கு எளிமையாகவே தெரிகிறது: திராம் போன்ற பூஞ்சைக்கொல்லி பூசிய, இளஞ்சிவப்புச் சாயம் ஏறிய விதையைக் குழந்தைகள் தொட்டுவிடுவார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை, ரசாயனத்தின் துணையின்றி வளர்ந்த செடி எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும்.

சேமிப்பில் ஈரமும் வெப்பமும் தவிர வேறு பகை அதிகமில்லை. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அவ்வாறே என்று ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதையியலாளர் வகுத்த விதி இன்றும் வழிகாட்டி. நிழலில் காயவைத்து, மடக்கினால் வளையாமல் ஒடியும் நிலையில், மூடி இறுகிய கண்ணாடிக் குப்பியில் சிலிக்கா ஜெல்லோடு போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் தக்காளி விதை ஐந்தாறு ஆண்டுகள்கூட இருக்கும். வெங்காய விதை அப்படியல்ல; ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. குப்பியை வெளியே எடுத்ததும் திறந்துவிடாமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் விதைமேல் நீர் படியும். கொடுப்பதற்கு முன் பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்ப்பது இப்போது என் வழக்கம். எட்டு முளைத்தால் எட்டு என்று உறையில் எழுதுகிறேன்.

இப்போது அந்தப் பதினொரு பேரிடம் திரும்புகிறேன். எல்லாருக்கும் நடந்ததை விளக்கி, கலப்பு விதையை மேலும் யாருக்கும் தர வேண்டாம் என்று எழுதினேன். என்னிடமும் தூய விதை மிச்சமில்லை. புதியது வந்ததும் பழைய இருப்பையெல்லாம் விதைத்தும் கொடுத்தும் தீர்த்திருந்தேன். 1975-இல் அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்கள் தங்களுக்குள் மரபு விதைகளை மாற்றிக்கொள்ளத் தொடங்கிய அமைப்பு, பின்னாளில் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்று பெயர் பெற்றது. தொடக்கத்தில் அதன் பெயர் ட்ரூ சீட் எக்ஸ்சேஞ்ச். ரகம் மாறாத விதை என்பதைக் குறிக்கும் அந்த முதல் சொல்லின் கனம் எனக்கு அந்த வாரத்தில்தான் உறைத்தது.

பதினொருவரில் ஒருவர் அதற்கு முந்தைய ஆண்டும் என்னிடம் விதை வாங்கியிருந்தார். அந்தப் பழைய உறையில் பாதியை விதைக்காமல் வைத்திருந்ததாகச் சொல்லி, பன்னிரண்டு விதைகளைத் திருப்பி அனுப்பினார். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகத்திலிருந்து, சிரியாவின் அலெப்போவில் போரால் தன் சேமிப்பை அணுக முடியாமல் போன இக்கார்டா என்ற வறண்ட நில வேளாண் ஆய்வு நிறுவனம் 2015-இல் விதைகளைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் பெருக்கி, 2017-இல் ஒரு பகுதியை மீண்டும் அந்தப் பெட்டகத்திலேயே கொண்டு சேர்த்த செய்தியைப் படித்திருந்தேன். என் பன்னிரண்டு விதைகளை அதோடு ஒப்பிடுவது மிகைதான்; ஆனாலும் உறையைப் பிரித்தபோது அதுவே நினைவுக்கு வந்தது. ஒன்பது முளைத்தன. அந்த ஆண்டு வேறு எந்தப் பரங்கியும் நடாமல், ஏழு பூக்களுக்குக் கையாலேயே மகரந்தம் சேர்த்தேன்.

என் உறைகளில் இப்போது பெயருக்குக் கீழே நான்கு செய்திகள் இருக்கின்றன: விளைந்த ஆண்டு, எத்தனை தாய்ச்செடிகள், அருகில் அதே இனத்தின் வேறு ரகம் இருந்ததா, மகரந்தச் சேர்க்கை கையாலா தேனீயாலா. கலந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அப்படியே எழுதிவிடுகிறேன். அதைப் பார்த்த பிறகும் வாங்கிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் அவரிடம் ஐந்து விதையையாவது விதைக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புதிய விதையை அந்தப் பதினொருவருக்கும் அனுப்ப முன்வந்தபோது பத்துப் பேர் பெற்றுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார். அந்த நடுத்தர வடிவக் காயின் சதை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அதையே பிரித்தெடுத்து நிலைநிறுத்தப் போகிறாராம். ஆறேழு தலைமுறையாவது ஆகுமே என்றேன், ஆகட்டும் என்றார். உறையில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார். எது வேண்டுமானாலும் எழுதுங்கள், பழைய பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள் என்றேன்.