வானத்தில் கொஞ்சம் சோடியம்

டிசம்பர் 11, பாளையங்கோட்டை

செய்முறை வகுப்பில் சோடியம் விளக்கு. இளஞ்சிவப்பாகக் கண் விழித்து, நிதானமாக மஞ்சளுக்கு வந்தது. 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளம்: நிறமாலையில் இரண்டு கோடுகளையும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இத்தனை வருடம் சொல்லாத ஒன்றை இன்று சொன்னேன். நம் தலைக்கு மேலே சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில், எரிகற்கள் ஆவியாகி விட்டுச்சென்ற இதே அணுக்கள் ஒரு படலமாக மிதக்கின்றன. 589-க்குச் சுருதி சேர்த்த லேசர் துடிப்பை மேலே அனுப்பினால் சோடியம் அதை விழுங்கி, அதே நிறத்தில் உமிழும். ஒளி போய்த் திரும்ப 0.6 மில்லி விநாடி. அந்த நேரமே உயரத்தைச் சொல்லிவிடும்.

"எத்தனை அணு சார் இருக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம். அதே இடத்தில் காற்று மூலக்கூறுகளோ பல லட்சம் கோடி. அந்தக் கூட்டத்தில் இவற்றை மட்டும் தேடிப் பிடிப்பதுதான் ஒத்ததிர்வின், அதாவது தனக்குரிய நிறத்துக்கு மட்டும் அணு பதில் சொல்வதன், கெட்டிக்காரத்தனம். திரும்பி வரும் மஞ்சளின் அலைநீளம் எவ்வளவு பரந்திருக்கிறது என்று அளந்தால் அங்குள்ள வெப்பநிலையும், அந்த அலைநீளம் நகர்ந்திருக்கும் அளவைப் பார்த்தால் காற்றின் வேகமும் கிடைக்கும். 1969-இல் பிரிட்டனில் தொடங்கிய வேலை இது. நம் பக்கத்தில் திருப்பதி அருகே கடங்கியில் செய்திருக்கிறார்கள்.

டிசம்பர் 13

ஜெமினிட் எரிகல் பொழிவு இன்று உச்சம். வானமோ மூடிக்கிடக்கிறது. லேசர் இருந்தாலும் மேகத்தைத் தாண்டாது. கிருஷ்ணாபுரத்திலுள்ள புவிகாந்த ஆய்வு நிலையத்து ரேடாருக்கு அந்தக் கவலை இல்லை; மழையிலும் அந்த உயரத்துக் காற்றை அளக்கும்.

மொட்டைமாடியிலிருந்து இறங்கி, மகளுக்காக அடுப்பு நீலத்தில் ஒரு சிட்டிகை தூத்துக்குடி உப்பைத் தூவினேன். சடசடவென்று வெடித்து, தீ முழுக்க மஞ்சள். ஆச்சி எட்டிப் பார்த்தாள்.

"உனக்குத் திருஷ்டி சுற்றி எத்தனை தடவை போட்டிருப்பேன், இப்போதுதான் பார்க்கிறாயா?"

உண்மைதான். மிளகாய் நெடி வருகிறதா என்றுதான் அன்றெல்லாம் கவனித்தேன்.

டிசம்பர் 14, அதிகாலை

இரண்டே முக்காலுக்கு மேகம் விலகியது. மூன்று கண்டேன், ஒன்று மேற்கே மலைப்பக்கம் நீளமாக இறங்கியது. இவற்றின் தாய்ப்பொருள் ஃபேத்தன் என்னும் சிறுகோள். சூரியனுக்கு 2 கோடி கிலோமீட்டர் அளவு நெருங்கிச் செல்வதால் சோடியம் வெந்து போய்விடுகிறது என்கிறார்கள். ஆக, ஜெமினிட் கற்களில் சோடியம் குறைவு. உப்பைத் தேடி இரவெல்லாம் விழித்து, உப்புச் சப்பில்லாத கல்லைப் பார்த்திருக்கிறேன்!

டிசம்பர் 15

காலையில் ஆப்பம். மாவில் ஆப்பசோடா போட்ட ஆச்சியிடம், படலத்துக்குக் கீழே இறங்கும் சோடியம் ஓசோனோடும் மற்றவற்றோடும் சேர்ந்து கடைசியில் ஆவது பெரும்பாலும் இதே சோடியம் பைகார்பனேட்தான் என்றேன்.

"அப்படியானால் கடையில் ஏன் காசு கொடுத்து வாங்குகிறாய்?" என்றாள். எனக்கு இரண்டாவது ஆப்பம் கருகிவிட்டது.