காய்ச்சினாலும் போகாதது

தருமபுரியில் குடிநீர்ப் பரிசோதனை வேலையில் இருந்த வருஷங்களில் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் போர்வெல் தண்ணீர்தான் என் உலகம். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், வாடையே இருக்காது. ஃபுளோரைடு இருப்பதைப் பிள்ளைகளின் காவிக்கறைப் பற்கள்தான் முதலில் சொல்லும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. "காய்ச்சினா போயிடுமா சார்?" என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

பாவம் எல்லா மனிதரையும் கெடுத்திருக்கிறது என்கிற கிறிஸ்தவ உபதேசம், 'மனிதனின் முழுச் சீர்கேடு', எனக்கு அங்கேதான் பிடிபட்டது. வாலிபர் கூட்டத்தில் முதலில் கேட்டபோது கசந்துபோனேன். என் அம்மா கோயிலுக்குப் போகிறவர். அவரைவிட நல்ல மனுஷியை நான் பார்த்ததில்லை. அவரையும் சேர்த்தா சொல்கிறார்கள்? ஆனால் அந்தப் போர்வெல் தண்ணீர் சாக்கடை இல்லையே. அதில் துணி வெளுக்கும், பயிர் விளையும். ஒவ்வொரு சொட்டிலும் அது கலந்திருக்கிறது, அவ்வளவுதான். அடிப்பாறையிலிருந்து ஊறி வருவதற்குக் குடத்தைத் தேய்த்து என்ன பயன்? 'முழு' என்றால் படுமோசம் என்று பொருளில்லை. புத்தி, விருப்பம், பாசம், எதுவும் தப்பவில்லை என்று பொருள்.

ஜீப் ஓட்டிய அண்ணன் வெஸ்லி வழி, நான் கால்வின் வழி. இரண்டும் கிறிஸ்தவத்துக்குள் இருக்கும் இரண்டு போதனை மரபுகள். பாதை முழுக்க வாதம்தான். "மனுஷனுக்குள்ள கொஞ்சம் நல்லது மிச்சமிருக்குன்னு சொல்றீங்கண்ணா" என்று ஒருநாள் மடக்கினேன். "அப்படி யாரு தம்பி சொன்னது?" என்றார். தேடிப் படித்தேன். வெஸ்லி வழிக்கு முன்னோடியான டச்சு இறையியலாளர் அர்மீனியஸ் 1609இல் இறந்தார். மறு வருஷம் அவர் வழியினர் கொடுத்த ஐந்து கூற்றுகளில் மூன்றாவது, மனிதன் தன் சுயசித்தத்தால் மெய்யான நன்மை எதையும் நினைக்கக்கூட முடியாது என்கிறது. 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய கால்வின் வழிச் சபை மாமன்றம் மூன்றையும் நான்கையும் சேர்த்தே பதில் எழுதியது. மூன்றாவதில் மட்டும் சண்டைக்கு இடமில்லை. கிருபை வரும்போது மனிதன் அதைத் தள்ளிவிட முடியுமா என்பது நான்காவது. பிளவு அங்கேதான். நான் அண்ணனோடு அத்தனை நாள் தப்பான இடத்தில் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி குழாயில் வந்த பிறகும் ஒரு பாட்டி போர்வெல்லுக்கே நடந்தார். எலும்பில் ஏறிய ஃபுளோரைடால் முதுகு வளைந்து, முழங்கால் மடங்காமல். "அது சப்புன்னு இருக்குதுப்பா. இதுதான் நாக்குக்குப் பழகுனது."

ஜீப்பில் ஏறியதும் அண்ணன், "பாத்தியா தம்பி, வாசல் வரைக்கும் வந்துச்சு. அவங்க குடம் வைக்கல" என்றார். வேதாகமத்தில் ஸ்தேவான் தன்னை எதிர்த்தவர்களிடம் சொன்ன, பரிசுத்த ஆவியானவரை எதிர்த்து நிற்கிறவர்கள் என்ற வார்த்தையை எடுத்தார்.

"நாக்கே மாறணும்ணா. அதை அவங்களா மாத்திக்க முடியாது" என்றேன். பிதா இழுக்காவிட்டால் ஒருவனும் என்னிடத்தில் வரமாட்டான் என்று இயேசு சொல்கிற யோவான் 6:44ஐச் சொன்னேன்.

இன்றும் நான் அந்தப் பக்கம்தான். அம்மாவுக்காக ஜெபிக்கும்போது அவர் மனதை மாற்றும் என்றுதான் வாய் கேட்கிறது. அண்ணனும் தன் மகனுக்காக அப்படியேதான் கேட்பார். ஜீப்பில் என் காதுபடவே ஜெபித்திருக்கிறார்.

அடுத்த முறை அவர் ஒரு கேன் காவிரித் தண்ணீரைத் தோளில் சுமந்துபோய்ப் பாட்டியின் திண்ணையில் இறக்கினார். நான் டம்ளரில் ஊற்றி, குடிங்க பாட்டி, குடிங்க என்று கெஞ்சினேன். ஒரு மிடறு குடித்தார். முகம் சுளித்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.