நாலு குண்டு

சேலத்துல அஞ்சு ரோடு பக்கம் ஒரு மாடில நாலு பேரா உக்காந்து மொபைல் கேம் பண்ண கம்பெனில ரெண்டு வருஷம் வேலை பாத்தேன், வீட்ல சாஃப்ட்வேர்னு சொல்லிக்கிறது, நெசத்துல என் வேலை எக்செல் ஷீட்டு தான். விண்கப்பல்ல போய் சுடுற கேம், அதுல லெவல், பாயிண்ட்டு, அப்கிரேடுன்னு ஆர்பிஜி, அதான் நம்ம ஆள வளத்து வளத்து ஆடற கேம், அந்த சமாச்சாரமும் வேணும்னு ஓனர் சொல்லிட்டாரு. எந்த எதிரிக்கு எவ்ளோ உயிர், எந்த குண்டுக்கு எவ்ளோ டேமேஜ், இத போட்டுப் போட்டு அழிச்சிட்டிருந்தேன்.

மொத எதிரிக்கு உயிர் 40, நம்ம குண்டு 10, நாலு குண்டுல காலி. லெவல் ஏறினா ஒரு பாயிண்ட்டு, அத துப்பாக்கில போட்டா டேமேஜ் 3 கூடும். லெவல் 11ல குண்டு 40 ஆயிடும், ஒரே அடி, சப்புனு போச்சு. சரின்னு அடுத்து வர்றவனுக்கு உயிர 160 ஆக்கினா மறுபடி நாலு குண்டு. அப்ப பத்து லெவல் ஏறி என்னத்த கிழிச்சான்? இதுலயே மூணு மாசம் போச்சுங்க.

1978ல நிஷிகாடோன்னு ஒரு ஜப்பான்காரர் பண்ண ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம்ல எதிரி சாகச் சாக மிச்சம் இருக்கறவன் வேகமா வருவான், வரைய வேண்டியது கொறையறதால மெஷினே ஸ்பீடு எடுத்துருச்சு, மனுசன் அத அப்டியே விட்டுட்டாரு. நமக்கு ஏது அந்தக் குடுப்பினை. 1995ல வந்த டைரியன்ங்கற விண்கப்பல் கேம்ல பெரிய கன்னு வாங்கினா அதுக்குப் பவர் குடுக்க நல்ல ஜெனரேட்டரும் வாங்கணும், அந்த மாதிரி வைக்கலாம்னேன், ஓனர் டைம் இல்லன்னுட்டாரு.

டெஸ்டிங்குக்கு ஆளு ஏது, கீழ இருந்து டீ கொண்டு வர்ற தம்பிகிட்டயும் அக்கவுண்ட்ஸ் அக்காகிட்டயும் தான் போன குடுத்தோம். தம்பி மூணாவது பாஸ, அதான் ஸ்டேஜ் முடிவுல வர்ற பெரிய எதிரிய, 10 டேமேஜ் குண்டோடவே பதினோரு நிமிசம் நெளிஞ்சு நெளிஞ்சு அடிச்சான். ஏன்டா பாயிண்ட்டு போடலன்னா, "அது எங்கண்ணா இருக்கு?"ங்கறான். அக்கா மொத ஸ்டேஜயே திருப்பித் திருப்பி ஆடி, சீட்டு கட்டற மாதிரி பாயிண்ட்டு சேத்து, அதே பாஸ நாலு செகண்டுல முடிச்சிட்டு சிரிக்கிறாங்க. ரெண்டு பேருக்குமே செம ஜாலி. நான் கணக்கு போட்டது இவங்களுக்கு நடுவுல ஒரு ஆளுக்கு, அப்டி ஒருத்தன் எங்க ஆபீஸ்லயே இல்ல.

அந்த ஞாயித்துக்கிழமை புது பைக்குல ஏற்காடு போனேன். காலேஜ் டைம்ல பழைய மொபெட்ல டபுள்ஸ் போயி பாதி வளைவுல எறங்கித் தள்ளின ரோடு, இப்ப 20 கொண்டை ஊசியும் சும்மா ஏறுது. வளைவு அப்டியே இருக்கறதால தான வண்டி மாறினது தெரியுதுன்னு தோணுச்சு. திங்கக்கிழமை வந்து ஒம்பதாவது ஸ்டேஜ்ல பெரிய எதிரிங்க நடுவுல அந்தப் பழைய 40 உயிர் பசங்களயும் கொஞ்சம் எறக்கி விட்டேன். ஓனர் பாத்துட்டு "என்ன இது, பக்கு ஏதும் வந்துருச்சா?"ன்னாரு. அக்காவுக்கு ஒரே குண்டுல தெறிக்கறானுங்க, வாயெல்லாம் பல்லு.

தம்பிக்கு இன்னமும் நாலு குண்டு தான். பாயிண்ட்டு போடற அந்த ஸ்க்ரீன கடைசி வரைக்கும் தொறக்கவே இல்ல பய.