மறந்துபோன கால்குலஸ்: எந்தப் புத்தகம் ஒத்துவந்தது

புள்ளியியலைச் சொந்தமாகப் படிக்க உட்கார்ந்ததில் வந்த வினை இது. சராசரி, திட்ட விலக்கம் வரை சிக்கலில்லை. நிகழ்தகவு அடர்த்திச் சார்பு (எந்த மதிப்பைச் சுற்றி நிகழ்தகவு எவ்வளவு செறிந்திருக்கிறது என்று காட்டுவது) என்று ஒரு பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கால்குலஸின் ஒரு பாதியான தொகையிடல் (இன்டக்ரேஷன்) தெரியாமல் அதற்கு மேல் ஓரடி நகர முடியாது. நானோ கல்லூரியோடு கால்குலஸுக்கு முழுக்குப் போட்டவன்.

சரி, எந்தப் புத்தகத்தைப் பிடிப்பது? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கணக்கை வைத்துச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சைன் எக்ஸின் வர்க்கத்தை 0 முதல் பை வரை தொகையிட வேண்டும். விடை பையில் பாதி. இதை விடைப் பக்கம் புரட்டாமல் முடிக்கும் நிலைக்கு எந்தப் புத்தகம் என்னைக் கொண்டுவருகிறது என்பதுதான் பரீட்சை.

இந்தக் கணக்கில் தொகையிடும் வேலை கடைசி இரண்டு வரிதான். அதற்கு முன்னால் சைன் வர்க்கத்தை '1 கழித்தல் காஸ் 2எக்ஸ், அதில் பாதி' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அது சுத்தமான முக்கோணவியல். எனக்குத் துருப்பிடித்திருந்ததும் அங்கேதான். மடக்கை விதிகள், பகுதிப் பின்னங்கள் எல்லாம் அதே கதி. ஆகவே கால்குலஸுக்குக் கீழே இருப்பதையும் தொட்டுவிட்டு மேலே போகும் புத்தகம் வேண்டும்.

முதலில் எடுத்தது சில்வானஸ் தாம்சனின் 'கால்குலஸ் மேட் ஈஸி'. 1910இல் ஆசிரியர் பெயர் போடாமல் வெளிவந்தது. காப்புரிமை முடிந்துவிட்டதால் இலவசமாகவே கிடைக்கிறது. டிஎக்ஸ் என்றால் எக்ஸில் ஒரு சின்னத் துணுக்கு, அவ்வளவுதான் என்று முதல் அத்தியாயத்திலேயே பயத்தைத் தெளியவைத்துவிடுகிறார். அந்தப் போக்கிலேயே ஒரு சதுரத்தைத் தாளில் வரைந்து பார்த்தேன். பக்கம் 10 செ.மீ., பரப்பு 100. பக்கத்தை 0.1 செ.மீ. கூட்டினால் பரப்பு 102.01. கூடியதில் 2 எங்கிருந்து வந்தது? இரண்டு ஓரங்களிலும் ஒட்டிய பட்டைகள், ஒவ்வொன்றும் 10 பெருக்கல் 0.1. மிச்சமுள்ள 0.01 மூலையில் இருக்கும் குட்டிச் சதுரம், அதை விட்டுத்தள்ளலாம். எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு, அதாவது அது மாறும் வீதம், ஏன் 2எக்ஸ் என்று கல்லூரியில்கூட இவ்வளவு தெளிவாக எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் முக்கோணவியல் வாசகருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் தாம்சன் நகர்கிறார். என் சோதனைக் கணக்குக்கு அவர் மட்டும் போதவில்லை.

மைக்கேல் ஸ்பிவாக்கின் 'கால்குலஸ்' என்ற 1967ஆம் ஆண்டுப் புத்தகத்தைச் சீக்கிரமே மூடிவைத்தேன். அருமையான புத்தகம், சந்தேகமே இல்லை. ஆனால் அது நிரூபணங்களுக்காகப் படிக்க வேண்டியது. கில்பர்ட் ஸ்ட்ராங்கின் கால்குலஸ் புத்தகத்தை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இலவசமாகவே தருகிறது. வேகத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் தொடங்குவது எனக்குப் பிடித்தது. என்ன, கொஞ்சம் பேச்சு அதிகம். நிதானமாகப் படிக்க நேரம் இருப்பவர்களுக்குச் சரி. கிளெப்னரும் ராம்சேயும் எழுதிய 'குவிக் கால்குலஸ்' முதல் அத்தியாயத்திலேயே முக்கோணவியலையும் மடக்கையையும் ஓட்டிக் காட்டிவிடுகிறது. சின்னக் கேள்வி, உடனே விடை, அப்புறம் அடுத்தது என்று தானே படித்துக்கொள்கிறவருக்காகவே அமைத்திருக்கிறார்கள். இதைத்தான் வாங்குவதாக இருந்தேன்.

கடைசியில் கையில் நின்றது தமிழ்நாட்டுப் பாடநூல். 2018இல் வந்த பிளஸ் ஒன் கணிதம், தமிழ்வழியில், இணையத்தில் இலவசம். முதல் தொகுதியின் அடிப்படை இயற்கணிதப் பாடத்தில் மடக்கையும் பகுதிப் பின்னமும் இருக்கின்றன. அடுத்த பாடமே முக்கோணவியல். இரண்டாம் தொகுதியில் எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றும் வரிசையாக வருகின்றன. எனக்குப் பழுதுபட்டிருந்த இடங்கள் எல்லாம் இந்த இரண்டு தொகுதிக்குள். அச்சு நெரிசலாக இருக்கிறது, விளக்கம் சில இடங்களில் வறட்சி. ஆனால் பயிற்சிக் கணக்குக்குப் பஞ்சமில்லை, பின்னால் விடையும் இருக்கிறது. சைன் வர்க்கம் இதை வைத்துத்தான் முடிந்தது.

இப்போதைய ஏற்பாடு: ஒரு கருத்து மண்டையில் ஏறாவிட்டால் தாம்சன், கை பழக பாடநூல். முக்கோணவியலில் கூட்டுக்கோணச் சூத்திரங்களை மட்டும் போட்டுவிட்டு மற்றதைத் தாண்டிவிட்டேன். எல்லைகள் பாடத்தை மேலோட்டமாகத்தான் பார்த்தேன். புள்ளியியலுக்கு இப்போதைக்கு அது போதும்.

இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிடும் வழியான பகுதித் தொகையிடலில்தான் இப்போது நிற்கிறேன். நம் பாடநூல் தரும் பெர்னோலி சூத்திரம் இதில் பெரிய உபகாரம். எக்ஸ் வர்க்கத்தை இ-யின் அடுக்கு கழித்தல் எக்ஸால் பெருக்கி 0 முதல் முடிவிலி வரை தொகையிட வேண்டுமா? எக்ஸ் வர்க்கத்தை ஒரு பக்கம் வகையிட்டுக்கொண்டே போனால் 2எக்ஸ், 2, அப்புறம் பூச்சியம். மூன்றே உறுப்பில் கணக்கு முடிந்து விடை 2 வருகிறது. இ-யின் அடுக்கு கழித்தல் எக்ஸை அடர்த்திச் சார்பாக எடுத்துக்கொண்டால், இந்த 2 என்பது எக்ஸ் வர்க்கத்தின் சராசரி. எக்ஸின் சராசரிக்கும் இதே வழிதான், அது 1. 2-லிருந்து அதன் வர்க்கத்தைக் கழித்தால் விலக்க வர்க்கச் சராசரியும் (வேரியன்ஸ்) 1. நான் நின்றுபோன புள்ளியியல் பக்கத்தில் கேட்டிருந்தது இதைத்தான். அடுத்து பிளஸ் டூ இரண்டாம் தொகுதியில், இதே மாதிரிக் கணக்குகளின் பொது வடிவமான காமா தொகையீடு.