அப்பா கூலி, அம்மா கூலி

"கடை வச்சிருக்கிற என்னை வேலைக்குப் போகச் சொல்றீங்க, வேலைக்குப் போக வேண்டிய இவனைக் கடை வைக்கச் சொல்றீங்க. ரெண்டுல எது சார் உங்க பாடம்?"

வகுப்பறை வாசலில் நின்று ஒரு மாணவனின் தந்தை இப்படிக் கேட்டார். அப்போது நான் சொன்ன பதில் சரியா தவறா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அவர் சட்டைப் பையில் ஒரு தாளை நான்காக மடித்து வைத்திருந்தார். எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் அச்சிட்ட தாள்தான். மடிப்புகளில் வடைச் சட்டி எண்ணெய் ஊறியிருந்தது. எதிர்மறை எண் வந்தால் கட்டம் சிவப்பாக மாறும்படி அமைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். எங்கள் அச்சுப்பொறி கறுப்பு மட்டுமே அடிக்கும் என்பதால், கடைசிக் கட்டத்தில் இருந்த 8,000-ஐப் பையன் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தான்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் முதல் பாடமே முழுமை பெறாப் பதிவேடுகளிலிருந்து கணக்குத் தயாரிப்பதுதான். குறிப்பேடும் பேரேடும் இல்லாத சிறு வியாபாரிக்கு, ஆண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் சொத்தும் கடனும் காட்டும் நிலை அறிக்கை எழுதி, வணிகர் சொந்தச் செலவுக்கு எடுத்த எடுப்புகளைக் கூட்டி, புதிதாகப் போட்ட கூடுதல் முதலைக் கழித்து இலாபம் கண்டுபிடிக்கும் முறை அது. பல ஆண்டுகளாக அதைக் கரும்பலகையில் கற்பனை வணிகர்களை வைத்தே நடத்திவந்தேன். 2023-இல், வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் ஏதோ ஒரு சிறு வியாபாரம் நடக்கும்போது கற்பனை வணிகர் எதற்கு என்று தோன்றியது. டேலி என்ற கணக்கு மென்பொருள் பற்றிய பாடம் கடைசியில் பத்தாவதாக வருகிறது. அதுவரை கணினியைத் தொடாமல் இருக்க வேண்டாம் என்று, ஒரு மாதம் வீட்டு வியாபாரத்தின் வரவுசெலவை நோட்டில் எழுதிவந்து விரிதாளில் ஏற்றச் சொன்னேன். இதுவரையில் நான் செய்ததில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

அதன்பிறகு இரண்டு வரிகள் சேர்த்தேன். வீட்டு ஆட்கள் உழைப்பதற்கு வெளியாள் வைத்தால் என்ன கூலி கொடுக்க வேண்டியிருக்குமோ அதையும் செலவில் எழுதச் சொன்னேன். பாடநூல் அப்படிச் சொல்லவில்லை. தனி வணிகர் தனக்கென்று எடுப்பது எடுப்புதான், செலவன்று. கூட்டாளி ஊதியத்துக்கு மூன்றாம் பாடத்தில் இலாபநட்டப் பகிர்வுக் கணக்கில் இடம் உண்டு. ஆனால் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல் அதிகாலையிலேயே உளுந்து அரைக்கும் மனைவிக்கு எந்தப் பாடத்திலும் இடமில்லை. அந்தக் குறை எனக்கு நெடுநாள் உறுத்தல். ஒன்றைச் செய்வதற்காகக் கைவிடும் அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்று படிக்கிறார்களே, அதை இங்கே கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அந்தப் பையன் ஒழுங்காகச் செய்திருந்தான். ஒரு நாளைக்கு இருநூறு டீ, பன்னிரண்டு ரூபாய் வீதம்; நூற்று இருபத்தைந்து வடை, எட்டு ரூபாய் வீதம்; ஆக 3,400 ரூபாய். மாதத்துக்கு 1,02,000. பாலுக்கு 30,000, தூளுக்கும் சர்க்கரைக்கும் 14,000, பருப்புக்கும் எண்ணெய்க்கும் 20,000, சிலிண்டருக்கு 7,600, வாடகை 4,000, மின்சாரம் 1,400 போக மிச்சம் 25,000. ஆண்டு விற்றுமுதல் இருபது இலட்சத்தைத் தொடவில்லை என்பதால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று அடிக்குறிப்பும் எழுதியிருந்தான். நான் அதற்குத் தனி மதிப்பெண் போட்டேன். அதற்குக் கீழே 'அப்பா கூலி' என்று நாளுக்கு 700, 'அம்மா கூலி' என்று நாளுக்கு 400. மாதத்துக்கு 33,000. கடை 8,000 ரூபாய் நட்டத்தில் முடிந்தது.

"மிச்சத்துலதான் சார் இவனைப் படிக்க வைக்கிறேன். மிஞ்சுறது லாபம்தானே? எங்க கூலியை நாங்களே எங்ககிட்ட வாங்கணுமா?" என்று அவர் கேட்டார். புத்தகப்படி அவர் சொல்வதே சரி என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டவரிடம் பாதி உண்மையைச் சொல்லி அனுப்புவது ஆசிரியருக்கு அழகில்லை என்று அந்த நிமிடத்தில் பட்டது. "நீங்க வேற கடையில மாஸ்டரா நின்னா இந்த உழைப்புக்கு இதைவிட நிம்மதியா வாங்கலாம்ணே, அதைத்தான் கணக்கு காட்டுது" என்றேன். அதற்குத்தான் அவர், நான் தொடக்கத்தில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்த வாரம் அரசின் 'நான் முதல்வன்' திட்ட வழிகாட்டல் வகுப்பில், வேலை தேடுகிறவர்களாக இல்லாமல் வேலை கொடுக்கிறவர்களாக ஆகுங்கள் என்று நான் பேசியதைப் பையன் வீட்டில் சொல்லியிருக்கிறான். "ரெண்டும்தான்ணே, சூழ்நிலையைப் பொறுத்தது" என்றேன். அவர் தாளை மறுபடி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இரவில் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். வேளாண் செலவுகள் மற்றும் விலைகளுக்கான ஆணையம் ஆதரவு விலையைப் பரிந்துரைக்க நெல்லுக்குச் செலவுக் கணக்குப் போடும்போது குடும்பத்தார் உழைப்புக்கும் ஒரு மதிப்பு வைத்துச் சேர்க்கிறது. உழவனுக்குப் பொருந்துவது டீக்கடைக்காரருக்குப் பொருந்தாதா? இந்த வாதத்தில் எனக்குச் சில நாள் நிம்மதி கிடைத்தது. பிறகுதான், அங்கே அந்த வரியைச் சேர்ப்பது விலையை ஏற்றிக் கேட்பதற்காக என்பது உறைத்தது. நானோ டீ விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் மாதத்துக்கு ஆறாயிரம் கூடும் என்று அவரிடம் சொல்லவில்லை. விரிதாளில் அந்த ஒரு கட்டத்தை மாற்றிக் காட்டியிருந்தால் போதும். விலையை ஏற்றினால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படியாவது பேச்சு கடையைப் பற்றி நடந்திருக்கும்.

பையன் பதினொன்றில் நிரப்பிக் கொடுத்த உயர்கல்வி விருப்பப் படிவத்தில், 'அப்பா கடையைப் பேக்கரியாக்குவேன்' என்று எழுதியிருந்தான். பன்னிரண்டின் இறுதியில் அந்த இடத்தில் 'வங்கித் தேர்வு' என்று இருந்தது. கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் பட்டயக் கணக்காளர் படிப்புக்கான முதல் தேர்வான சிஏ பவுண்டேஷன் எழுதச் சொன்னேன். நான்கு தாள்தான், முயன்று பார் என்றேன். தலையாட்டிவிட்டு அரசுக் கலைக்கல்லூரியில் பி.காம். சேர்ந்தான். அரசின் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது என்று சொன்னான். மற்றவர்களிடம் நான் இதை வெற்றிக் கதையாகவே சொல்லிக்கொள்கிறேன். முதல் தலைமுறைப் பட்டதாரி, விரிதாள் தெரிந்த பையன், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றும் நினைப்பேன்.

கடை மறு ஆண்டு மூடப்பட்டது. கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றியது காரணம் என்று கேள்விப்பட்டேன். அந்தச் செய்தி எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர் இப்போது புறவழிச்சாலை உணவகம் ஒன்றில் மாஸ்டர். ஒருநாள் பார்த்தபோது, எழுநூறு சம்பளம், வாரம் ஒருநாள் விடுப்பு, முட்டிவலி குறைந்திருக்கிறது என்றார். கணக்கு அவருடைய வாயாலேயே மெய்யாகிவிட்டது என்று அன்று மாலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு நாளுக்கு 18,200. அந்தக் குடும்பத்தின் கையில் முன்பு நின்றது 25,000. நான் விட்ட பிழை இரண்டாவது வரியில் இருக்கிறது. அவருக்கு வெளியே எழுநூறு கொடுக்க ஆள் இருந்தது. அந்த அம்மாவுக்கு நானூறு கொடுக்க அந்த ஊரில் யாரும் இல்லை. மாற்று வேலை இருந்தால்தான் அது வாய்ப்புச் செலவு. அந்த அம்மாவின் உழைப்புக்கு மதிப்புக் கொடுக்கிறேன் என்று எழுதவைத்த அந்த வரிதான் இலாபத்தை நட்டமாக்கியது. அந்த அம்மா இப்போது என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்த ஆண்டும் முதல் பாடத்துக்கு வீட்டுக் கணக்கைத்தான் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பயிற்சித் தாளிலிருந்து அந்த இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டேன். சென்ற வாரம் ஆய்வகத்தில் ஒரு மாணவி கையுயர்த்தி, "சார், எங்கம்மா பூ கட்டுற கூலியை எந்தக் கட்டத்துல போடுறது?" என்று கேட்டாள். ஓரத்தில் தனியாக எழுதிக்கொள், கூட்டலில் சேர்க்க வேண்டாம் என்றேன்.